புரோட்டான் எந்த ஸ்டாப்பில் இறங்கியது?

போன வாரம் டேட்டாபேஸ் பேசினோம். இந்த வாரம் ஆஸ்பத்திரி, கேன்சர், புரோட்டான் என்று கொஞ்சம் தள்ளிப் போகிறோம். ஆனால் நம்ம வேலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. போகப் போகச் சொல்றேன்.

என் மாமாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவோட அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேல பஸ் கண்டக்டர். நாலு வருஷத்துக்கு முன்னாடி அவருக்குத் தொண்டையில் கேன்சர் என்று சொன்னார்கள். ஏழு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள், மொத்தம் 35 சிட்டிங் ரேடியேஷன். எங்க வீட்டில் அதுக்கு ‘கரண்ட் வைக்கிறது’ன்னு பேர். உங்க வீட்டிலும் யாராவது அப்படிச் சொல்லியிருப்பாங்க. கேன்சர் போயிடுச்சு, இன்று வரை திரும்பி வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏன்னா அதுதான் பெரிய விஷயம்.

ஆனால் மாமாவுக்கு இப்போது எச்சில் ஊறுவதில்லை. கதிர் போன வழியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருந்தன. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். சோறு என்றால் ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்தால்தான் இறங்கும். கல்யாண வீட்டில் இலையில் மைசூர்பாகு வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தள்ளிவிடுவார். ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்து வாயை நனைத்துக்கொண்டு படுப்பார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா யூடியூபில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “மாப்ள, சென்னையில புரோட்டான் கரண்ட்டுன்னு ஒண்ணு இருக்காமே. எனக்கு வச்சதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?”

இன்ஜினியரிங் படிச்சவனாச்சே, சும்மா இருப்பேனா? அவருடைய பாஷையிலேயே சொன்னேன். “உங்களுக்கு வச்சது எக்ஸ்ரே, மாமா. அது டவுன் பஸ் மாதிரி. உடம்புக்குள்ள நுழைஞ்சதுல இருந்து அந்தப் பக்கம் வெளியே போற வரைக்கும் எல்லா ஸ்டாப்லயும் ஆளை இறக்கிட்டே போகும். புரோட்டான் பாயின்ட் டு பாயின்ட் பஸ். வழியில கொஞ்சம் பேர்தான் இறங்குவாங்க. பெரிய கூட்டம் கடைசி ஸ்டாப்புல இறங்கிடும். அதுக்கு அப்புறம் பஸ்ஸே கிடையாது.”

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: “சரி, டிக்கெட் போட்டாச்சு. அந்த ஸ்டாப்புலதான் இறங்குனாங்கன்னு யாரு பாத்தா?”

என்னிடம் பதில் இல்லை. ஊரிலிருந்து திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, புரோட்டான் சிகிச்சையில் வேலை செய்யும் இயற்பியலாளர்களை முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தூங்கவிடாத கேள்வியே அதுதான் என்று. இன்றைய எபிசோட் முழுக்க அந்த ஒரே கேள்விதான்.

நிற்கத் தெரிந்த துகள்

முதலில் அடிப்படை. எக்ஸ்ரே என்பது ஒளித்துகள். சிகிச்சைக்குப் பயன்படுத்தும் உயர் ஆற்றல் எக்ஸ்ரே தோலுக்குக் கீழே ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்திலேயே தன் உச்ச டோஸைக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும், ஆனால் பூஜ்ஜியம் ஆகாது. கட்டிக்கு முன்னாடி இருக்கும் சதைக்கும் டோஸ், பின்னாடி இருப்பதற்கும் டோஸ். அதனால்தான் பல கோணங்களில் இருந்து சுற்றிச் சுற்றிச் சுடுகிறார்கள். எல்லாக் கதிரும் கட்டியில் ஒன்றுசேரும், வெளியே உள்ள டோஸ் பரவிப்போகும். பரவுமே தவிர மறையாது.

புரோட்டான் வேறு ரகம். ஹைட்ரஜன் அணுவில் இருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுத்தால் மிச்சம் இருப்பதுதான் புரோட்டான். அதற்கு எடை இருக்கு, மின்னூட்டம் இருக்கு. உடம்புக்குள் போகும்போது வழியில் உள்ள எலக்ட்ரான்களை இழுத்து இழுத்துத் தன் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். வேகமாகப் போகும்போது ஒவ்வொரு எலக்ட்ரானுக்குப் பக்கத்திலும் இருக்கும் நேரம் குறைவு, அதனால் இழப்பும் குறைவு. வேகம் குறையக் குறைய இழப்பு கூடும். இழப்பு கூடக் கூட வேகம் இன்னும் குறையும். கடைசி சில மில்லிமீட்டரில் மிச்சமிருப்பதை மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும். இந்த உச்சிக்கு ‘பிராக் முனை’ என்று பெயர். வில்லியம் ஹென்றி பிராக் 1904 வாக்கில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆல்ஃபா துகள்களை வைத்துக் கண்டுபிடித்தது.

எங்கே நிற்கும் என்பதை ஆற்றலை மாற்றி நாம் தீர்மானிக்கலாம். 70 மெகா எலக்ட்ரான்வோல்ட் கொடுத்தால் தண்ணீரில் சுமார் 4 சென்டிமீட்டர். 150 கொடுத்தால் கிட்டத்தட்ட 16. 230 கொடுத்தால் சுமார் 33 சென்டிமீட்டர். அந்த 230-ல் புரோட்டானின் வேகம் ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதம். அவ்வளவு வேகத்தில் உள்ளே போகிற ஒன்று, சொன்ன ஆழத்தில் நிற்கிறது.

இது யாருக்கு முக்கியம்? மூளையில் கட்டி வந்த ஐந்து வயதுக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். சில வகைக் கட்டிகளுக்கு மூளையோடு சேர்த்து முதுகுத்தண்டு முழுவதற்கும் ரேடியேஷன் கொடுக்க வேண்டும். முதுகுப் பக்கமிருந்து எக்ஸ்ரே கொடுத்தால் அது தண்டைத் தாண்டி இதயம், குடல், மார்பு என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகும். புரோட்டான் தண்டோடு நின்றுவிடும். அந்தக் குழந்தை இன்னும் அறுபது எழுபது வருஷம் வாழ வேண்டிய குழந்தை. அதற்கு இது சின்ன வித்தியாசம் இல்லைங்க.

அணுகுண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

இந்த யோசனையை முதலில் எழுதியவர் ராபர்ட் வில்சன். அமெரிக்க இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். போர் முடிந்ததும் ஹார்வர்டில் புதிய சைக்ளோட்ரான் ஒன்றை வடிவமைக்கும் வேலை வந்தது. 1946-ல், புரோட்டானை வைத்துக் கேன்சருக்குச் சிகிச்சை செய்யலாம் என்று ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். ஒரு சில பக்கங்கள்தான், ஆனால் இன்று நாம் பேசும் விஷயத்தின் அடிப்படை அதிலேயே இருக்கு.

முதல் நோயாளிக்குச் சிகிச்சை 1954-ல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில். பிறகு ஹார்வர்ட் சைக்ளோட்ரானில் 1961 முதல் 2002 வரை 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். அதுவரை பெரும்பாலும் நோயாளிதான் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். 1990-ல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில், ஆஸ்பத்திரிக்குள்ளேயே புரோட்டான் இயந்திரம் வந்தது. அந்த இயந்திரத்தைக் கட்டிக்கொடுத்தது ஃபெர்மிலேப். ஃபெர்மிலேப்பின் முதல் இயக்குநர் யார் தெரியுமா? அதே வில்சன்தான்.

நம்ம சென்னையில் 2019-ல் வந்தது. தரமணியில் உள்ள அப்போலோ புரோட்டான் மையம், தெற்காசியாவிலேயே முதல். மாமா பார்த்த வீடியோ அதைப் பற்றித்தான்.

டிக்கெட் போட்டது சரி, ஆனால்…

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம்.

சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். அதை வைத்து, கட்டி எவ்வளவு ஆழத்தில் இருக்கு, வழியில் எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். அதிலிருந்து புரோட்டானுக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். சிக்கல் இங்கேதான். சிடி ஸ்கேன் என்பது எக்ஸ்ரே. எக்ஸ்ரே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை அது அளக்கிறது. நமக்கு வேண்டியதோ, புரோட்டான் எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்பது. இரண்டும் ஒன்றில்லை. ஒரு அட்டவணை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இப்போது வயிற்றைக் கலக்கியிருக்கும். ஒரு யூனிட்டில் வந்த டேட்டாவை இன்னொரு யூனிட்டுக்கு மாற்றும் இடத்தில்தானே நம்ம பக் எல்லாம் ஒளிந்திருக்கும்? இங்கேயும் அப்படித்தான். சிடியில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு திசுக்கள் புரோட்டானை வெவ்வேறு அளவில் நிறுத்தலாம்.

அதனால் ஒரு மார்ஜின் விடுகிறார்கள். பல மையங்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருவது, ஆழத்தில் சுமார் 3.5 சதவீதம், அதோடு 1 முதல் 3 மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள கட்டி என்றால் 3.5 சதவீதம் என்பது 7 மில்லிமீட்டர். மற்றதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். கட்டியைத் தாண்டி அவ்வளவு தூரத்துக்கு நல்ல சதைக்கும் முழு டோஸ் போகலாம் என்று ஒப்புக்கொண்டுதான் திட்டம் போடுகிறார்கள். கட்டியின் பின்விளிம்பை விட்டுவிட்டால் கேன்சர் திரும்பி வரும், அதனால் மார்ஜின் விடாமலும் இருக்க முடியாது.

இதைவிட எனக்கு அதிர்ச்சியாக இருந்தது இன்னொன்று. புராஸ்டேட் சுரப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் மலக்குடல் இருக்கு. அதைக் காப்பாற்ற வேண்டும். புரோட்டான் சொன்ன இடத்தில் நிற்கும் என்றால், முன்பக்கத்தில் இருந்து அனுப்பி மலக்குடலுக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டியதுதானே? வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. இரண்டு பக்கமும் இடுப்பு வழியாக, அவ்வளவு எலும்பையும் சதையையும் தாண்டி அனுப்புகிறார்கள். காரணம், நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் துல்லியத்தில் நம்ப முடியாது. கற்றையின் பக்கவாட்டு விளிம்பை அதைவிட நம்பலாம். எந்தக் குணத்துக்காக இவ்வளவு பெரிய இயந்திரத்தை வாங்கினோமோ, அந்தக் குணத்தையே முழுசாகப் பயன்படுத்தத் தயங்குகிறோம்.

அடுத்தது, உடம்பு மாறும். மாமாவுக்கு முகத்தையும் தோளையும் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்திருந்தார்கள். வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்தி எடுப்பது. நாலாவது வாரம் அந்த மாஸ்க் லூசாகிவிட்டது. சாப்பிட முடியாமல் அவ்வளவு மெலிந்திருந்தார். புது மாஸ்க் போட்டு, மறுபடி சிடி எடுத்தார்கள். எக்ஸ்ரே சிகிச்சையில் வழியில் அரை சென்டிமீட்டர் சதை குறைந்தால் டோஸ் சில சதவீதம் மாறும். புரோட்டானில் அரை சென்டிமீட்டர் குறைந்தால், அது நிற்கும் இடமே அரை சென்டிமீட்டர் தள்ளிப்போகும். சளி பிடித்து மூக்கின் பக்க அறைகள் அடைத்துக்கொண்டாலே போதும், காற்று இருந்த இடத்தில் சளி, கணக்கு மாறிவிடும்.

சுருக்கமாச் சொன்னா, புரொடக்‌ஷனில் கோடை ஏற்றிவிட்டு லாக் எதுவும் பார்க்காமல், ‘டெஸ்ட்டில் ஓடியது, இங்கேயும் ஓடியிருக்கும்’ என்று சொல்வது மாதிரி. நாம அப்படிச் செய்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், அவ்வளவுதான். இங்கே பாதிக்கப்படுவது ஒருத்தருடைய பார்வை நரம்பாக இருக்கலாம்.

டிடெக்டர் என்ற செக்கர்

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புரோட்டான் உடம்புக்குள் நுழையும் வரைக்கும் கண்காணிப்பு மிகக் கடுமை. குழாயின் வாயில், மெல்லிய படலங்களுக்கு இடையே வாயு நிரப்பிய அயனி அறைகள் இருக்கும். புரோட்டான் கற்றை அதைத் தாண்டும்போது வாயு அயனியாகும், அந்தச் சின்ன மின்னோட்டத்தை அளந்து எத்தனை புரோட்டான் போகிறது, எந்தப் புள்ளியில் போகிறது என்று பார்ப்பார்கள். கற்றை கொஞ்சம் விலகினாலும் நின்றுவிடும். தினமும் காலையில் நோயாளிகள் வருவதற்கு முன், ஆழத்தையும் டோஸையும் அளந்து சரிபார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும் வரைக்கும் எல்லாம் பக்கா. உள்ளே போன பிறகுதான் கண் தெரியவில்லை.

எக்ஸ்ரே அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும், அதை ஒரு தட்டில் பிடித்துப் படம் பார்க்கலாம். புரோட்டான் உள்ளேயே நின்றுவிடுகிறது. அப்புறம் எதை வைத்துப் பார்ப்பது?

இங்கேதான் துகள் இயற்பியல்காரர்கள் உள்ளே வருகிறார்கள். புரோட்டான் போகும் வழியில் எலக்ட்ரான்களை மட்டும் தொடுவதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய நூற்றில் ஒன்று ஏதாவது அணுக்கருவில் போய் மோதும். மோதப்பட்ட கரு கிளர்ச்சியடைந்து, ஒரு நானோ நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு காமா கதிரை வீசிவிட்டு அமைதியாகும். கார்பன் என்றால் 4.4 மெகா எலக்ட்ரான்வோல்ட், ஆக்சிஜன் என்றால் 6.1. இந்தக் காமா உடம்பைத் தாண்டி வெளியே வரும். புரோட்டான் நிற்கும் இடத்துக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் இந்தக் காமா சட்டென்று குறைந்துவிடும். அதாவது, காமா எங்கே குறைகிறது என்று வெளியே இருந்து பார்த்தால், புரோட்டான் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். டிக்கெட் செக்கர் வந்துட்டார்!

ஆனால் சும்மா ஒரு கேமராவை வைத்துவிட முடியாது. ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருக்கும் காமா கேமராக்கள் பெரும்பாலும் 0.14 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமாவுக்காகச் செய்தவை. இது அதைவிட முப்பது நாற்பது மடங்கு ஆற்றல். சாதாரண ஈயத் தடுப்பை ஊடுருவிப் போய்விடும். கூடவே நியூட்ரான்கள் வேறு வந்து டிடெக்டரைக் குழப்பும். ஒரு புள்ளிக்கான கற்றை சில மில்லிநொடிகள்தான் இருக்கும், அதற்குள் எண்ணி முடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு பெல்ஜிய நிறுவனம், ஐபிஏ, கண்டுபிடித்த வழி எளிமையானது. கனமான டங்ஸ்டன் கட்டியில் கத்தி முனை மாதிரி ஒரு கீறல். அதன் வழியாக வரும் காமா, பின்னால் உள்ள படிகங்களில் பட்டு ஒளியாக மாறும். அந்த ஒளியை சென்சார் எண்ணும். சின்ன வயசில் அட்டைப்பெட்டியில் ஊசியால் ஓட்டை போட்டுக் கேமரா செய்திருப்போமே, அதே கொள்கைதான். 2015-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில், தலை கழுத்துப் பகுதியில் கட்டி இருந்த ஒரு நோயாளிக்கு, உலகிலேயே முதல் முறையாகச் சிகிச்சை நடக்கும்போதே இந்தக் கேமராவை வைத்துப் பார்த்தார்கள். ஒரு சிட்டிங்குக்கும் இன்னொரு சிட்டிங்குக்கும் இடையே வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தது. கணக்கு மட்டும் சொல்லிவந்த ஒன்றை ஒரு டிடெக்டர் பார்த்துச் சொன்னது.

இன்னொரு வழி, பெட் ஸ்கேன். புரோட்டான் மோதிய சில கருக்கள் கதிரியக்கம் கொண்டவையாக மாறும். கார்பன் 11, ஆக்சிஜன் 15. அவை பாசிட்ரானை வெளியிடும். அது எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது எதிரெதிர்த் திசையில் இரண்டு காமா கிளம்பும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால் இடம் தெரியும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1997 முதல் 2008 வரை, கார்பன் கற்றைச் சிகிச்சை பெற்ற சுமார் 440 பேருக்கு இதைப் பயன்படுத்தினார்கள். இத்தாலியில் பவியா நகரில் உள்ள மையத்திலும் கற்றைக்குப் பக்கத்திலேயே பெட் டிடெக்டரை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இதன் சிக்கல் நேரம். ஆக்சிஜன் 15 இரண்டு நிமிஷத்தில் பாதியாகிவிடும். கார்பன் 11-க்கு 20 நிமிஷம் இருக்கு, ஆனால் அதற்குள் ரத்த ஓட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆள் எந்த ஸ்டாப்பில் இறங்கினார் என்று பார்ப்பதற்குள் நடந்து போய்விடுகிற மாதிரி.

புரோட்டானாலேயே ஸ்கேன்

இதுவரை சொன்னது எல்லாம் சுட்ட பிறகு பார்ப்பது. சுடுவதற்கு முன்பே கணக்கைச் சரியாகப் போட முடியாதா? எக்ஸ்ரேயிலிருந்து புரோட்டானுக்கு மாற்றும் அந்த அட்டவணையே வேண்டாம், நேராகப் புரோட்டானை வைத்தே சிடி எடுத்தால் என்ன?

யோசனை பழசு. சிடி ஸ்கேனின் கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலன் கோர்மாக், 1963-லேயே தன் கட்டுரையில் புரோட்டானைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டிருந்தார். அவரும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். உலகம் எக்ஸ்ரே சிடியோடு போய்விட்டது.

ஸ்கேனுக்குப் புரோட்டான் உள்ளே நிற்கக் கூடாது. அதிக ஆற்றல் கொடுத்து அந்தப் பக்கம் வெளியே வர வைக்க வேண்டும். எவ்வளவு ஆற்றலோடு உள்ளே போனது, எவ்வளவோடு வெளியே வந்தது என்று பார்த்தால், வழியில் இழந்தது தெரியும். நமக்கு வேண்டியது அதேதான், எந்த மாற்று அட்டவணையும் இல்லாமல்.

ஆனால் புரோட்டான் நேர்கோட்டில் போகாது. வழியில் உள்ள கருக்கள் எல்லாம் அதை லேசாக லேசாகத் தள்ளிவிடும். திருவிழாக் கூட்டத்துக்குள் நடந்து போகிற மாதிரி வளைந்து வளைந்து போகும். அதனால் பழைய புரோட்டான் படங்கள் எல்லாம் கலங்கலாக இருந்தன. தீர்வு, ஒவ்வொரு புரோட்டானையும் தனித்தனியாகப் பின்தொடர்வது. நோயாளிக்கு முன்னால் இரண்டு அடுக்கு சிலிக்கான் டிடெக்டர், பின்னால் இரண்டு அடுக்கு. உள்ளே போன திசை தெரியும், வெளியே வந்த திசை தெரியும். நடுவில் எந்த வளைவில் போயிருக்க அதிக வாய்ப்பு என்று கணக்கிடலாம்.

கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகமும் லோமா லிண்டாவும் சேர்ந்து செய்த ஸ்கேனரில் உள்ள சிலிக்கான் தகடுகள் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஃபெர்மி காமா கதிர் விண்வெளித் தொலைநோக்கிக்காகச் செய்தவை. 2008-ல் விண்ணுக்குப் போனதே, அதே. தூரத்து விண்மீன் மண்டலங்களில் இருந்து வரும் காமாவைப் பிடிக்கச் செய்த தகடு, புரோட்டானைப் பிடிக்கிறது. நார்வேயின் பெர்கன் குழு, செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனைக்காகச் செய்த சிப்பை எடுத்துப் பயன்படுத்துகிறது. அதில் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவு.

இப்போது நம்ம வேலை வருகிறது. சாண்டா குரூஸ் ஸ்கேனர் ஒரு நொடிக்குச் சுமார் 10 லட்சம் புரோட்டான்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யும். ஒவ்வொன்றும் ஒரு ரெக்கார்ட்: நாலு அடுக்கிலும் எங்கே பட்டது, கடைசியில் மிச்ச ஆற்றல் எவ்வளவு. ஒரு ஸ்கேனுக்குக் கோடிக்கணக்கான ரெக்கார்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைந்த பாதை, எல்லாப் பாதைகளையும் சேர்த்து ஒரு முப்பரிமாணப் படம். மெஷினைக் கட்டுவது இயற்பியல் என்றால், இந்தப் பகுதி முழுக்க டேட்டா பைப்லைனும் ஜிபியூ புரோகிராமிங்கும்தான். நாம ஷாப்பிங் ஆப்பில் யார் எந்தப் பட்டனை அமுக்கினார் என்று பதிவு செய்யும் அதே மாதிரியான வேலை. கேட்கும் கேள்விதான் வேறு.

இதன் கட்டுப்பாடு, தலைக்குப் போதும், உடம்புக்கு எப்போதும் போதாது. 230 மெகா எலக்ட்ரான்வோல்ட் 33 சென்டிமீட்டர்தான் போகும். பெரியவர்களின் இடுப்பைப் பக்கவாட்டில் தாண்டி வெளியே வருவது கஷ்டம். இன்னும் இது முன்மாதிரி நிலையில்தான் இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் புரோட்டான் சிடி எடுங்க என்று கேட்காதீங்க.

எல்லாருக்கும் புரோட்டானா?

இதைக் கேட்டுவிட்டு, எக்ஸ்ரே மோசம், புரோட்டான் நல்லது என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். 2024-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளியானது. புராஸ்டேட் கேன்சர் உள்ள 450 ஆண்கள். பாதிப் பேருக்குப் புரோட்டான், பாதிப் பேருக்கு நவீன எக்ஸ்ரே. இரண்டு வருஷம் கழித்து வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டு பக்கமும் நன்றாகவே இருந்தார்கள். குழந்தைகளின் மூளைக் கட்டிக்குத் தெளிவாக உதவுவது, எல்லா இடத்திலும் அதே அளவு உதவும் என்று அர்த்தமில்லை. எது யாருக்கு என்பதை அந்த நோயைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை.

ஆனால் ஒன்று எனக்குப் புரிந்தது. நாம் காசு கொடுப்பது எப்போதும் பெரிய இயந்திரத்துக்கு. செய்தியில் படம் வருவதும் அதற்குத்தான். அந்த இயந்திரம் உள்ளபடியே எவ்வளவு நல்லது என்பதைத் தீர்மானிப்பதோ, பக்கத்தில் நிற்கும் ஒரு டிடெக்டர். அது மார்ஜினை 10 மில்லிமீட்டரில் இருந்து 3 ஆக்கினால், நடுவில் உள்ள அந்த 7 மில்லிமீட்டரில் ஒருத்தருடைய உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கலாம்.

போன வாரம் மாமாவுக்கு போன் பண்ணினேன். “நீங்க கேட்ட கேள்விக்கு இப்பதான் பதில் கண்டுபிடிச்சிட்டு இருக்காங்க மாமா. செக்கர் சில ரூட்ல மட்டும் ஏறியிருக்கார், எல்லா பஸ்லயும் இன்னும் ஏறல” என்றேன்.

சிரித்தார். பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. “எனக்கு இனிமே என்ன மாப்ள, என் பஸ் போயிடுச்சு. அடுத்து ஏற்றவங்களுக்காவது சரியாப் பாக்கச் சொல்லு” என்றார்.

நான் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன். இதைக் கேட்கிறவர்களில் இயற்பியல் படிக்கிறவர்கள் இருப்பீர்கள், எலக்ட்ரானிக்ஸ், ஜிபியூ கோட் எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த வேலை என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தால், இப்படியும் ஒரு வேலை இருக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு வருகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது கரண்ட் வைத்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மறக்காமல் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுங்கள்.